பந்தும் பிராயமும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலைநகரைக் கடந்து செங்கற்பட்டை நெருங்கும் இடத்தில், பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து எழுப்பிய நரசிம்மர் சந்நிதியின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கும் சிங்கப்பெருமாள் கோவில், இக்காலத்தில் க்ஷேத்திரம் என்ற முறையில் அறியப்படுவதைவிட, மேற்கே பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் தொழிற்சாலைச் சாலையின் தொடக்கம் என்ற முறையிலேயே அதிகம் அறியப்படுகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின்னும், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெனோ-நிசான், அப்போலோ டயர், டைம்லர், ராயல் என்ஃபீல்டு முதலிய ஆலைகள் ஒரகடம் வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பின்னும், பல ஜில்லாக்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் இச்சாலையின் இருமருங்கிலும் வாடகை வீடுகளில் குடியேறின. தகப்பனார் ஒரு வாரம் பகல் ஷிப்டுக்கும் மறு வாரம் இரவு ஷிப்டுக்கும் செல்ல, தாயாரும் ஏதேனும் ஓர் ஆலையிலோ கடையிலோ வேலை பார்க்க, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைப் பொழுதில் மிஞ்சுபவை வீடு கட்டப்படாத மனைகளும், கோடையில் நீர் வற்றிய ஏரியும், ஒரு பந்துமே.

அந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. எட்டு வயதிலும், பன்னிரண்டு வயதிலும், பதினைந்து வயதிலும் ஒரு குழந்தையின் தேகமும் புத்தியும் கால்பந்தாட்டத்திலிருந்து எதைப் பெற்றுக்கொள்ளப் பக்குவமாக இருக்கின்றன, எதைத் தாங்க இயலாமல் இருக்கின்றன என்னும் வினாவுக்குச் சென்ற நாற்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் ஓரளவு தெளிவான விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடையை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், சிறுவனின் ஆட்டம் சிறுவனின் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட வேண்டுமேயன்றி, பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே அவன்மேல் போர்த்துவது அவனுக்கும் தீங்கு, ஆட்டத்துக்கும் தீங்கு என்பதாகும். இதைச் சொல்வது எளிது. ஏன் அப்படி என்று கணக்கோடு பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பந்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் பந்தின் எடை விதிப்படி 410 முதல் 450 கிராம் வரை. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆட்டக்காரன் அதை உதைக்கும்போது தன் எடையில் ஏறக்குறைய நூற்றறுபதில் ஒரு பங்கை உதைக்கிறான். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அதே பந்தைக் கொடுத்தால், அவனுக்கு அதன் பாரம், பெரியவன் ஒருவன் 1,200 கிராம் பந்தை உதைப்பதற்குச் சமமாகிறது. அத்தகைய பந்தோடு எந்தப் பெரியவனாவது நயமாக ஆடிக் காட்டுவானா? சிறுவனும் ஆடுவதில்லை, ஓடி வந்து, உடம்பு முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து, கால்விரல் நுனியால் எத்துகிறான். அந்த எத்து வழக்கமாகிவிட்டால், பின்னால் அதை மாற்றுவதற்குப் பயிற்சியாளர் படும் பாடு சொல்லி மாளாது. எட்டு வயது வரை 300 கிராமை ஒட்டிய 3-ஆம் நம்பர் பந்தும், அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை 4-ஆம் நம்பர் பந்தும் என்று பல தேசங்களில் வகுத்திருப்பதற்குக் காரணம் இந்தச் சாதாரணக் கணக்குதான்.

கோல் கம்பங்களின் கதியும் அதுவே. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலின் நடுவே, கை உயர்த்தினாலும் குறுக்குக் கம்பத்துக்கு வெகு கீழேயே நிற்கும் ஒரு பாலகனை நிறுத்தி, தலைக்கு மேலே போன பந்துக்காக அவனைக் கடிந்துகொள்வது நியாயமாகுமா? பெரிய மைதானத்தில் பதினோரு பேர் வீதம் இரு பக்கமும் நிற்க வைத்தால், இரண்டு மூன்று பலசாலிப் பிள்ளைகள் பந்தை வைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் வெயிலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பந்தைத் தொடாத பிள்ளை பந்தாட்டம் கற்பது எப்படி? மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்தின் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்து, 2002-03-ஐ ஒட்டி, மான்செஸ்டர் பெருநகரப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ரிக் ஃபெனாலியோ ஒரு பரிசோதனை நடத்தினார். எட்டுக்கு எட்டு ஆடிய ஆட்டத்தையும் நாலுக்கு நாலு ஆடிய ஆட்டத்தையும் எண்ணிப் பார்த்தபோது, சிறிய ஆட்டத்தில் பந்து பரிமாற்றம் 135 விழுக்காடும், ஒருவனை ஒருவன் எதிர்கொள்ளும் சந்தர்ப்பங்கள் 225 விழுக்காடும், கோல்கள் 500 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. இவற்றுள் கோல் கணக்கைவிட, ஒருவனை ஒருவன் எதிர்கொள்ளும் கணக்கே நமக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரே நிற்பவனை ஏய்த்துக் கடக்கும் சாமர்த்தியம் சொல்லிக் கொடுத்து வருவதன்று. நூறு முறை தோற்று, நூற்றொன்றாம் முறை தானாகக் கண்டுகொள்வது.

பெல்ஜியம் நாட்டார் இதே முடிவுக்கு வேறொரு வழியாக வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியைத் தங்கள் மண்ணிலேயே நடத்தியும் முதல் சுற்றில் வெளியேறிய அவமானத்துக்குப் பிறகு, மிஷேல் சாப்லோன் என்பவர் தலைமையில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் சிறுவர் ஆட்டங்களைப் படமெடுத்து லூவன் பல்கலைக்கழகத்தாரிடம் கொடுத்து ஆராயச் சொன்னது. மிகச் சிறிய பிள்ளைகள் ஓர் ஆட்டம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க முறையே பந்தைத் தொடுகிறார்கள் என்பது தெரிந்ததும், இருவருக்கு இருவர், ஐவருக்கு ஐவர், எண்மருக்கு எண்மர் என்று பிராயத்துக்கேற்ப ஆட்டத்தைப் படிப்படியாக வளர்த்தார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வெற்றி தோல்விப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2007-இல் உலக வரிசையில் 71-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்த பெல்ஜியம், 2015 நவம்பரில் முதலிடத்தை அடைந்து, 2018 உலகக் கோப்பையில் மூன்றாவதாக வந்தது. பட்டியலை எடுத்தது ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. எனினும், விதைத்தவர்கள் பத்தாண்டு காத்திருக்கத் துணிந்தார்கள் என்பதை மறுப்பதற்குமில்லை.

இடம் சிறிதாயிருப்பது குறை என்று எண்ணுவோர் இன்னொரு சரித்திரத்தையும் நினைவில் கொள்ளலாம். 1930-இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியராயிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, பெரிய மைதானம் கிடைக்காத பிள்ளைகளுக்காகக் கூடைப்பந்து ஆடுகளத்தின் அளவில் ஐவர் ஆடும் கால்பந்தை வகுத்தார். இன்று ஃபுட்சால் என வழங்கும் அந்த ஆட்டத்தில்தான் தென் அமெரிக்காவின் பல பெரிய ஆட்டக்காரர்கள் பால்யத்தில் கால் பழகினார்கள்.

நம் நாட்டில் இதற்கு உதாரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் புறநகர் ரயிலேறி வடக்கே சென்றால், வடசென்னையில் வியாசர்பாடி என்னும் பேட்டை இருக்கிறது. சின்ன பிரேசில் என்று சென்னைவாசிகள் செல்லமாக அழைக்கும் அந்த நெருக்கமான பேட்டையில், குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் விளையாட்டையும் படிப்பையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு உமாபதி, தங்கராஜ் ஆகியோர் கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு சங்கம் தொடங்கி நடத்தி வருகிறார்கள். மாலை வகுப்பையும் மாலை ஆட்டத்தையும் பிரிக்காமல் வைத்ததே அவர்களுடைய விசேஷம். 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்கள ஆட்டக்காரராக விளங்கிய தனபால் கணேஷ் இந்த வட்டாரத்துப் பிள்ளை. 2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி டியூராண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்து, கல்கத்தா நகரின் ஒரு பாதியை ஆனந்தத்தில் ஆழ்த்திய நந்தகுமார் சேகரும் வியாசர்பாடிக்காரரே; அதே ஆண்டில் அவர் இந்திய அணிக்கும் ஆடத் தொடங்கினார்.

நந்தகுமார் பிறந்த தேதியில் நம் ஆராய்ச்சிக்குரிய ஒரு செய்தி இருக்கிறது. அது 1995 டிசம்பர் 20. கால்பந்தில் வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் தேதியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், 1995 ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்க வேண்டியவர்கள். பெரியவர்களுக்குப் பதினோரு மாத வித்தியாசம் ஒரு பொருட்டன்று. பத்து வயதில் அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. உயரத்தில் நாலைந்து சென்டிமீட்டர். ஓட்டத்தில் கண்கூடான வேகம். செலக்‌ஷன் நாளன்று கையில் காகிதத்தோடு நிற்கும் கோச்சின் பார்வை யார்மேல் விழும்?

இந்தச் சூட்சுமம் வெளிப்பட்டது கால்பந்தில் அன்று, கனடா நாட்டுப் பனித்தள ஹாக்கியில். 1980-களில், லெத்பிரிட்ஜ் என்னும் ஊரில் இளைஞர் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கக் கணவரோடு சென்றிருந்த பவுலா பார்ன்ஸ்லி என்ற அம்மையார், பொழுதுபோக்காகப் புரட்டிக்கொண்டிருந்த நிகழ்ச்சி நிரலில் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு என்றிருப்பதைக் கவனித்து, உளவியல் பேராசிரியரான தம் கணவர் ரோஜர் பார்ன்ஸ்லியிடம் காட்டினார். அவர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், உலகெங்கும் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே சாய்வு காணப்பட்டது. முந்திப் பிறந்தவன் பெரியவனாகத் தோன்றுகிறான். பெரியவனாகத் தோன்றுவதால் தேர்வாகிறான். தேர்வானதால் நல்ல பயிற்சியும் நல்ல துணையும் கிடைக்க, ஐந்தாண்டுக்குப் பின் மெய்யாகவே மேலானவனாகிறான். ஆண்டுக் கடைசியில் பிறந்தவனோ, தனக்குத் திறமை இல்லை என்று பிறர் சொல்லக் கேட்டு, ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். நந்தகுமாரைக் கொண்டு ஒரு விதியை நிலைநாட்ட முடியாது. ஆனால், ஜனவரிக் கணக்கில் கடைசியில் நிற்கும் பிள்ளையும் தேசிய அணி வரை வர முடியும் என்பதற்கு அவர் போதிய சாட்சி.

பிறந்த மாதத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அது தேகம் முதிரும் வேகம். ஆண் பிள்ளைகள் சராசரியாகப் பதினான்காம் வயதையும் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வயதையும் ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். அதுவரை ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்த பையன் அந்த ஓராண்டில் ஒன்பது பத்து சென்டிமீட்டர் உயர்வதுண்டு. ஆனால் சராசரி என்பது கணக்குப் புத்தகத்தில் இருப்பது. மெய்யான பிள்ளைகளில் ஒருவன் பன்னிரண்டிலேயே மீசை அரும்பி நிற்பான், மற்றொருவன் பதினாறுக்குப் பின்னரே உயரத் தொடங்குவான். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடையே எலும்பின் முதிர்ச்சியில் நாலைந்து ஆண்டு ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடும். செங்கற்பட்டு விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொர்ணவாரிப் பட்டத்துக் குறுகிய வயதுப் பயிர் நூற்றுச் சொச்சம் நாளில் கதிர் முற்றி நிற்க, அதே நாள் கணக்கில் நீண்ட வயதுச் சம்பாவைப் பார்ப்பவன் அது இன்னும் பச்சையாக நிற்கிறதே என்று அறுத்து மாட்டுக்குப் போட மாட்டான். அந்தந்த ரகத்துக்கு அந்தந்த நாள் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் எல்லா வயலையும் ஒரே தேதியில் அறுக்கிறோம்.

இதற்குப் பரிகாரம் தேடிய இங்கிலாந்து நாட்டார், பாத் பல்கலைக்கழகத்து ஷான் கமிங் என்பவரின் யோசனைப்படி, 2015-இல் ஒரு புதுமையான போட்டி நடத்தினார்கள். வயதைக் கொண்டு பிரிக்காமல், பெற்றோரின் உயரம், பிள்ளையின் உயரம், எடை ஆகியவற்றிலிருந்து அவன் வளர்ந்து முடிந்தபின் எட்டவிருக்கும் உயரத்தை மதிப்பிட்டு, அதில் 85 முதல் 90 விழுக்காடு வரை இப்போது எட்டியிருப்பவர்களை மட்டும் ஒன்றாக ஆட விட்டார்கள். முந்தி வளர்ந்த பிள்ளைகள், இதுவரை தோளாலும் தொடையாலும் வென்று வந்த தாங்கள் முதன்முறையாக மூளையையும் காலின் நயத்தையும் நம்ப வேண்டியிருந்தது என்றார்கள். பிந்தி வளர்பவர்களோ, பந்தை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து பார்க்க இப்போதுதான் அவகாசம் கிடைத்தது என்றார்கள். இரு சாராருக்கும் இது லாபம் என்பதே இதன் விசேஷம். முந்தி வளர்ந்தவனுக்கும் நாம் துரோகம் செய்கிறோம் என்பதைப் பலர் உணர்வதில்லை. பன்னிரண்டு வயதில் வேகத்தால் மட்டுமே கோல் அடித்துக் கோப்பை வாங்கிய பையன், பதினேழில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்ததும், கையில் வேறு வித்தை இல்லாமல் நிற்கிறான். பெல்ஜியமும் பிந்தி வளரும் பிள்ளைகளுக்கென்று தனித் தேசிய அணிகளை ஏற்படுத்தி, அவர்கள் கண்ணிலிருந்து மறையாமல் பார்த்துக்கொண்டது.

இத்தகைய ஏற்பாட்டுக்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். சுவரில் ஒட்டிய அளவுநாடாவும், எடை பார்க்கும் கருவியும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிற்கும் உயரத்தையும், பலகையில் உட்கார வைத்து இருக்கும் உயரத்தையும் குறித்து வந்தால், எந்தப் பிள்ளை வேகமாக உயரத் தொடங்கிவிட்டான் என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். முதலில் பாதமும், பின் காலும், கடைசியில் உடம்பும் நீளும் என்பதால் இரண்டு உயரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வயது பற்றிப் பேசும்போது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பதின்மூன்று வயதுப் பிரிவில் பதினைந்து வயதுப் பையனைப் பொய்ச் சான்றிதழோடு இறக்கும் வழக்கம் நம் நாட்டு விளையாட்டுக்கு நெடுங்காலமாகப் பிடித்திருக்கும் நோய். மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து முதிர்ச்சியை மதிப்பிடும் முறையை இந்தியச் சங்கம் கையாளுகிறது. 2009-இல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை முதல் ஃபிஃபா எம்.ஆர்.ஐ. பரிசோதனையைக் கொண்டுவந்தது. மணிக்கட்டில் ஆரை எலும்பின் நுனி முழுவதும் இணைந்துவிட்டதென்றால், அந்தப் பிள்ளை பதினேழைத் தாண்டியிருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு என்பதே அதன் அடிப்படை. இந்தப் பொய்யினால் நஷ்டமடைபவன் எதிரணிச் சிறுவன் மட்டுமல்லன். தன்னைவிடச் சிறியவர்களோடு ஆடியே பழகிய அந்தப் பையன், தனக்கு நிகரானவர்களை எதிர்கொள்ள வேண்டிய நாளில் எதையும் கல்லாதவனாக நிற்பான்.

எலும்பைப் பற்றித் தொடங்கிவிட்டதால் அதன் நோவையும் பார்த்துவிடுவோம். வளரும் எலும்பின் இரு நுனிகளுக்கு அருகே குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கிறது. உயரம் கூடுவது அங்கேதான். தசைநார் பற்றியிருக்கும் இடங்களிலும் இத்தகைய மென்மையான பகுதிகள் உண்டு. பையன் வேகமாக உயரும் காலத்தில் எலும்பு முன்னே நீள, தசை அதை எட்டிப் பிடிக்காமல் இறுகி நிற்க, ஒவ்வொரு உதையிலும் ஒவ்வொரு குதிப்பிலும் அந்த மெல்லிய இடம் இழுபடுகிறது. முழங்காலுக்குக் கீழே முடிச்சாக வீங்கி வலிக்கும் நிலையை 1903-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட்டும் சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்ததால் அது அவ்விருவர் பெயராலும் வழங்குகிறது. குதிகாலில் வரும் அதே வகை நோவு, 1912-இல் அதை விவரித்த சீவர் என்பவரின் பெயரைப் பெற்றது. பெரும்பாலும் ஓய்வினாலேயே ஆறிவிடும் நோவுகள் இவை. ஆனால் பள்ளி அணி, கிளப் அணி, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்று மூன்று எஜமானர்களுக்கு உழைக்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஓய்வை யார் கொடுப்பார்கள்? வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினால்தான் வீரன் என்று அவனிடம் சொல்கிறோம். அது வீரமன்று; வளரும் எலும்பைக் கேட்காமல் எடுக்கும் கடன்.

எவ்வளவு ஆடலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தியும் அவருடைய சகாக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டுக்காரர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வாரத்தில் தன் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணி நேரம் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கும், தாமாக விளையாடும் நேரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் பயிற்சியிலேயே கழிப்பவர்களுக்கும் கடுமையான தேய்மானக் காயங்கள் நேரும் அபாயம் கூடுதல். பத்து வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். இங்கே தாமாக விளையாடும் நேரம் என்ற சொற்களைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கோச்சும் விசிலும் இல்லாமல், பிள்ளைகளே அணி பிரித்து, விதி வகுத்து, சண்டையிட்டு, சமாதானமாகி ஆடும் ஆட்டம் வீண்பொழுதன்று.

தலையால் பந்தை முட்டுவதைப் பற்றியும் கருத்து மாறியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இன் இறுதியில் பத்து வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடுத்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் 2020 பிப்ரவரியில் ஆரம்பப் பள்ளிப் பிராயத்தாருக்குப் பயிற்சியில் அதை விலக்கின. நம் ஊர்ப் பயிற்சிகளிலும் அதை விலக்குவதற்கு எந்தச் செலவுமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்கள் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாக வளர்கிறார்கள் என்பதால், பையன்களுக்காக எழுதிய அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. பருவமடைந்த பிறகு முழங்காலின் உள்நாண் அறுபடும் அபாயமும் அவர்களுக்கு மிகுதி, இரும்புச்சத்துக் குறைவும் மிகுதி. சரியாக இந்தப் பிராயத்தில்தான் நம் வீடுகளில் ‘போதும் விளையாட்டு’ என்ற சொல் எழுகிறது. ஆயினும், தமிழ்நாட்டுக் கால்பந்தில் சமீபகாலத்தில் அகில இந்தியப் புகழ் தேடித் தந்தவர்களில் பெண்கள் முன்னணியில் நிற்கிறார்கள். கடலூரில் பயின்று, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகி, இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனைப் பலரும் அறிவர். அவரும் ஆடிய தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல், பல்லாண்டுகளாக ஆதிக்கம் செலுத்திய மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2-1 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. 2019-இல் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. ஒரகடத்து ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு வேலை செய்யும் இந்தப் பிரதேசத்தில், அவர்களுடைய பெண்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பந்தாட இடமில்லை என்பது ஒப்புக்கொள்ளத் தக்கதன்று.

இந்தச் செய்திகளையெல்லாம் ஒரு சட்டத்துக்குள் அடக்க முயன்றவர் ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி. ஓடவும் தாவவும் பிடிக்கவும் எறியவும் பழகும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி, ஆறு முதல் ஒன்பது வரை பல விளையாட்டுகளில் இன்பமாகக் கழித்து, வளர்ச்சி வேகம் பிடிக்கும் வரை நுணுக்கங்களைக் கற்று, அதன்பின் உடல்வலுவும், பின்னரே போட்டித் திறமும் என்று அவர் வகுத்த நீண்டகாலப் படிவரிசையைப் பல தேசத்துச் சங்கங்கள் ஏற்றன. ஒவ்வொரு திறமைக்கும் குறிப்பிட்ட வயதில் ஒரு ஜன்னல் திறந்து மூடிக்கொள்கிறது என்று அவர் சொன்ன பகுதிக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2011-இல் பால் ஃபோர்டு முதலியோர் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே; பதினொன்றில் கல்லாததைப் பதினான்கில் கற்க முடியாது என்று எந்தப் பிள்ளையையும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் வரிசை, அதாவது முதலில் இன்பம், பின் நுணுக்கம், பின் வலு, கடைசியில் வெற்றி என்னும் அந்தக் கிரமம், இன்றளவும் அசையாமல் நிற்கிறது என்பதே நம் அபிப்பிராயம். ஆறு வயதுக் குழந்தை தனக்கும் பந்துக்கும் உள்ள உறவை மட்டுமே அறியும். பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடு என்று கத்துவது அதன் காதில் ஏறாது. பத்து வயதில் இருவர் சேர்ந்து மூன்றாமவனை ஏமாற்றுவது புரிகிறது. முழு அணியின் அமைப்பும், இடம் விட்டு இடம் மாறுவதும் பதின்மூன்று பதினாலில்தான் புத்தியில் படிகின்றன. அதற்குமுன் பலகையில் வட்டமும் அம்பும் வரைந்து காட்டும் கோச், பிள்ளைகளுக்காக அன்று, தமக்காக வரைகிறார்.

இதையெல்லாம் செய்வதற்கு வயிறும் நிறைந்திருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். 2022 செப்டம்பரில் தொடங்கிய அரசின் காலை உணவுத் திட்டம் இந்த நோக்கில் கால்பந்துக்கும் செய்யப்பட்ட உதவி என்றே சொல்லலாம். இரவு ஷிப்டு முடிந்து பெற்றோர் வந்து சேருமுன் வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்கு ஓடி வரும் பையனிடம், ஓடுவதற்குமுன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காத பயிற்சியாளர் தம் கடமையில் பாதியைச் செய்யவில்லை. சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் பிள்ளைகளை ஓட விடுவதும், தண்ணீர் குடிக்கத் தாமாகக் கேட்கட்டும் என்று காத்திருப்பதும் கூடாதவை.

நார்வே நாட்டில் பதினொரு வயதுக்குட்பட்டோர் விளையாட்டில் பட்டியலோ வரிசையோ வெளியிடக் கூடாது என்றும், பதின்மூன்றுக்குமுன் தேசிய சாம்பியன் போட்டி கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். நம் அகில இந்தியக் கால்பந்துச் சங்கமும் ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ளோருக்குச் சிறிய மைதானத்தில், பையன்களும் பெண்களும் கலந்து ஆடும் பேபி லீக்குகளை 2018-ஐ ஒட்டித் தொடங்கி வைத்தது. செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, மாமல்லபுரத்தில், கிரீஷ் மாத்ருபூதம் நிறுவிய எஃப்.சி. மெட்ராஸ் தங்கிப் பயிலும் பயிற்சிக்கூடத்தை நடத்துகிறது. அத்தகைய இடங்களுக்குச் சில பிள்ளைகளே போக முடியும்; போவதற்கு முன் அவர்கள் பந்தோடு பழகியிருக்க வேண்டிய இடம், வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு துண்டு நிலம்.

அந்தத் துண்டு நிலம் இருக்கிறது என்பதே நாம் கடைசியாகச் சொல்ல விரும்புவது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானத்துக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். மனை விலை இருக்கும் இருப்பில் அதை எந்த ஊராட்சியும் வாங்கித் தராது. நாலுக்கு நாலு ஆடும் சிறுவர்களுக்கு 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும். அது 600 சதுர மீட்டர், நம் வழக்கில் பதினைந்து சென்ட். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த அளவுள்ள ஒரு மனைப்பிரிவில் பத்தில் மூன்று பங்கு சாலைக்குப் போனாலும், மிஞ்சும் ஏழாயிரத்தில் எழுநூறு சதுர மீட்டர் பிள்ளைகளுக்கு உரியது. சிங்கப்பெருமாள் கோவில் முதல் ஒரகடம் வரை எத்தனையோ மனைப்பிரிவுகளில் இந்த ‘பார்க் இடம்’ முள்மண்டியும், கட்டட இடிபாடு கொட்டியும் கிடக்கிறது.

இதை வாசிப்பவர் அந்தச் சாலையில் மனை வாங்கியவராகவோ வாடகைக்கு இருப்பவராகவோ இருந்தால், தம் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்து, பூங்கா என்று குறித்த இடம் எங்கே என்று கண்டறிந்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைச் சுத்தம் செய்து தரும்படி மனுக் கொடுக்கட்டும். சுண்ணாம்புக் கோட்டில் 30-க்கு 20 அளந்து, இரு பக்கமும் இரண்டடி உயரக் கோல் நட்டு, ஒரு 3-ஆம் நம்பர் பந்தும் ஒரு 4-ஆம் நம்பர் பந்தும் வாங்கி வையுங்கள். பெண் பிள்ளைகளையும் அழையுங்கள். பன்னிரண்டு வயது வரை கோப்பை எதுவும் வைக்காதீர்கள்.